வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆள் வைக்கலாமா? உச்சிப்புளித் தம்பிக்கு ஒரு பதில்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, நானும் என் மனைவியும் கருவாடு, முண்டு வத்தல் (குண்டு மிளகாய் வத்தல்), கருப்பட்டி மூன்றையும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறோம். நாளுக்கு 25, 30 ஆர்டர் வருகிறது. பொட்டலம் போடுவதா, மெசேஜுக்குப் பதில் சொல்வதா என்று முழி பிதுங்குகிறது. கடை வாடகைக்குப் பிடித்து ஆள் உட்கார வைக்க வசதி இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற இரண்டு மூன்று பேரை வைக்கலாமா? எங்கே கிடைப்பார்கள், என்ன சம்பளம், ஏமாற்றினால் என்ன செய்வது, பிஎஃப் மாதிரி சட்டச் சிக்கல் வருமா?"

வைக்கலாம் தம்பி. நான் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டியும் ஓலைக் கொட்டானும் வெளியூருக்கு அனுப்புகிற தொழில் நடத்துகிறேன். இன்றைக்கு நாலு பேர் அவரவர் வீட்டில் இருந்தபடி எனக்கு வேலை பார்க்கிறார்கள். அதில் இரண்டு பேரின் முகத்தை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. ஆள் எங்கே கிடைப்பார் என்று முதலில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் முதல் கேள்வியாக இருந்தது, அதனால்தான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

முதன்முதலில் நான் வைத்த ஆள் கோயம்புத்தூரில் இருந்தார். படித்தவர், பேச்சில் அவ்வளவு மரியாதை, மெசேஜ் வந்த இரண்டாவது நிமிடம் பதில் போய்விடும். விலைப் பட்டியலைக் கொடுத்து "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாக ஓலை வாங்கப் போய்விட்டேன். நவம்பர் மாதம், அடைமழை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போன கருப்பட்டி இளகிப்போய், மேலே பிசுபிசுவென்று நீர் கசிகிறது என்று படம் படமாக வருகிறது. அவர் பதறிப்போய் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று எழுதிவிட்டார். ஒரே வாரத்தில் 9 பேருக்கு. கருப்பட்டி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் இளகத்தான் செய்யும், இரண்டு நாள் நல்ல வெயில் பட்டாலோ அடுப்படிப் பரணில் கிடந்தாலோ மறுபடி இறுகிவிடும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் இது தெரியும். கோயம்புத்தூரில் இருக்கிறவருக்கு யார் சொன்னது? ஒரு வாரம் அவர் மேல் கோபமாகத் திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது, பதில் முழுக்க என் தலைக்குள் இருந்தது, அவர் கையில் இருந்தது வெறும் விலைப் பட்டியல்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்றால் "அக்கா, இதுக்கு என்ன சொல்ல?" என்று திரும்பிக் கேட்டுவிடுவார். தூரத்தில் இருப்பவர் நாளுக்குப் பத்துமுறை போன் போட்டால் சலித்துக்கொள்வோமோ என்று தயங்கித் தானாக ஒரு பதிலைச் சொல்லிவிடுவார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரை வைத்துச் சரிப்படவில்லை என்று புலம்புகிற பாதிப் பேரின் கதை இதுதான் என்பது என் எண்ணம். ஆள் சோம்பேறியாக இருந்து கெட்டதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். 15 நாளைக்கு, வாடிக்கையாளர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அதற்கு நீங்களோ உங்கள் மனைவியோ சொன்ன பதிலையும் அப்படியே எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் வாய்ஸ் மெசேஜாகப் பேசி வைத்து இரவில் எழுதுங்கள். கருவாட்டுக்கு என்ன கேள்வி வரும் என்று என்னாலேயே சொல்ல முடியும். நெத்திலி தலை கிள்ளியதா கிள்ளாததா, மணலில் காய்ந்ததா வலை விரித்துக் காய வைத்ததா, உப்பு தூக்கலா, எத்தனை மாதம் வைக்கலாம், பார்சலில் வாடை அடிக்குமா, அபார்ட்மென்ட் காவலாளி சத்தம் போடுவாரே. முண்டு வத்தலுக்கு, காம்பு எடுத்ததா, நீள வத்தலைவிடக் காரம் கூடுதலா. கருப்பட்டிக்கு ஒரு கேள்வி வாரம் தவறாது: சர்க்கரை நோய்க்காரர் சாப்பிடலாமா? தாராளமாகச் சாப்பிடலாம் என்று எழுதுகிற கடைக்காரர்கள் நிறையப் பேர். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். "உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல் போகக்கூடாது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இப்படிச் சொல்லக்கூடாதவற்றுக்கென்றே தனியாக இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எவ்வளவு வரைக்கும் விலை குறைக்கலாம், எத்தனை ரூபாய்க்கு மேல் பணம் திருப்புவதற்கு உங்களைக் கேட்க வேண்டும், "நாளைக்கே வந்துவிடும்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது, இப்படி. எல்லா கூரியர்காரரும் கருவாட்டை வாங்க மாட்டார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். ஆர்டர் எடுத்த பிறகு "அந்த ஊருக்கு அனுப்ப முடியாது" என்று சொல்வது போல ஒரு தலைகுனிவு வேறு இல்லை.

நோட்டு நிறைந்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும், எந்த வேலை வீட்டை விட்டு வெளியே போகும், எது போகாது என்று. எடை போட்டுப் பொட்டலம் கட்டுவது போகாது. பணம் வந்ததா என்று பார்ப்பதும் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். மெசேஜுக்குப் பதில் சொல்வது, முகவரியையும் பின்கோடையும் சரிபார்த்து ஏற்றுவது, டிராக்கிங் நம்பர் அனுப்புவது, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் போகலாம். இந்த ஆள் மட்டும் நம் கடற்கரையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பாம்பனோ பெரியபட்டினமோ தொண்டியோ, எங்கேயாவது இருக்கட்டும். வாளைக்கும் சாளைக்கும் வித்தியாசம் கேட்டால் யோசிக்காமல் சொல்கிறவரிடம் வாடிக்கையாளர் கூடுதலாகக் கால்கிலோ வாங்குவார். போட்டோ திருத்துவதற்கும் லேபிள் டிசைனுக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது, ஆள் எந்த ஊரில் இருந்தாலும் சரி. என் லேபிள்காரர் சிவகாசியில் இருக்கிறார். அச்சகத்தில் பழகிய கை என்பதால், எந்த நிறம் பாலித்தீனில் எப்படி விழும் என்று எனக்குச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான். கணக்கு எழுதுவது வாரத்துக்கு ஒரு மூன்று மணி நேர வேலை, அதற்கும் மதுரையோ பரமக்குடியோ போதும்.

மூன்று பேரை ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். முதலில் மெசேஜ் ஆள். அவர் இரண்டு மாதம் நிலைத்த பிறகு மற்றவர்கள்.

இப்போது, எங்கே தேடுவது. வேலைவாய்ப்பு இணையதளங்களில் போட்டால் நூறு விண்ணப்பம் வரும், அதில் தொண்ணூறு பேர் என்ன வேலை என்றே படித்திருக்க மாட்டார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது மகளிர் சுய உதவிக் குழுக்களை. ஒவ்வொரு குழுவிலும் ஊக்குநர், பிரதிநிதி என்று இருப்பார்கள். வாராவாரம் கூட்டம் நடத்தி, சந்தா, கடன், வட்டி எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றி, வங்கிக்குப் போய்ப் பேசிப் பழகியவர்கள். பன்னிரண்டு பெண்களின் பணத்தை ஐந்து வருடம் ஒரு சண்டை இல்லாமல் எழுதி வைத்த ஒருவரைவிட நல்ல சான்றிதழ் எந்த விண்ணப்பத்தில் வரப்போகிறது? ஆண்ட்ராய்டு போனில் ஷீட் (ஆர்டரை ஏற்றி எல்லோரும் இணையத்தில் பார்க்கிற அட்டவணை) திறக்கத் தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அப்புறம் கீழக்கரை தாசிம் பீவி மகளிர் கல்லூரி மாதிரி நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருக்கிற பெண்கள். வீட்டுக்காரர் துபாயிலோ சவுதியிலோ இருப்பார், பி.காம். படித்த கையால் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் மட்டும் எழுதிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு இடமும் உண்டு, யாரும் நினைக்க மாட்டார்கள்: உங்கள் பழைய வாடிக்கையாளர்கள். என்னிடம் இப்போது மெசேஜ் பார்க்கிறவர் மூன்று வருடம் என்னிடம் கருப்பட்டி வாங்கியவர்.

ஆனால் ஒன்று. "வீட்டிலிருந்தே வேலை" என்று நீங்கள் ஸ்டேட்டஸ் வைத்த உடனே நம் பெண்கள் பயப்படுவார்கள். டேட்டா என்ட்ரி வேலை தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர்களும், ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று ஆரம்பித்து நகையை அடகு வைக்கிற அளவுக்குக் கொண்டு விட்டவர்களும் இந்தப் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். (அப்படி யாராவது மாட்டியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.) ஆகவே விளம்பரத்திலேயே உங்கள் கடைப் பெயர், ஊர், வேலை நேரம், சம்பளம் நாலையும் போடுங்கள். முன்பணம் கேட்காதீர்கள், அசல் சான்றிதழை வாங்கி வைக்காதீர்கள். நீங்களும் மனைவியும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே மாமனாரோ கணவரோ பேச்சை எடுத்துக்கொள்வார்கள், பேசட்டும். முடிவை மட்டும் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். வேலை பார்க்கப் போவது அவர்.

தேர்வு வைப்பது சுலபம். உங்கள் நோட்டிலிருந்து ஐந்து மெசேஜை எடுத்து அனுப்பி, பதில் எழுதச் சொல்லுங்கள். நாலு கேள்விக்கான பதில் நோட்டில் இருக்கட்டும், ஐந்தாவது எதிலுமே இல்லாத ஒன்றாக இருக்கட்டும். "திருக்கைக் கருவாடு பிரசவமான பெண்ணுக்குக் கொடுக்கலாமா?" என்ற மாதிரி. தெரிந்தது போலப் பதில் எழுதுகிறவரை விட்டுவிடுங்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதுகிறவர்தான் உங்கள் ஆள். எழுத்துப்பிழையையும் தங்கிலீஷையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வாடிக்கையாளரே அப்படித்தான் எழுதுகிறார். தேர்ந்தவரை ஒரு வாரம் சம்பளத்தோடு சோதனைக்கு வையுங்கள். சும்மா செய்து காட்டுங்கள் என்று கேட்பது அசிங்கம், அதிலும் ஊருக்குள் பேச்சு பரவும்.

சம்பளம் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கணக்கு இது. உங்களுக்கு முப்பது ஆர்டருக்கு நாலு மணி நேர வேலை போதும், காலையில் ஒன்றரை, இரவில் இரண்டரை. முழுநாள் ஆளாக எடுத்துவிட்டு வேலை இல்லாமல் உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு. மணிக்கணக்கில் பேசுங்கள், மாதக் கடைசியில் கொடுங்கள். கடைகள், வணிக நிறுவனங்களுக்குத் தமிழக அரசு குறைந்தபட்ச ஊதியம் அறிவித்திருக்கிறது. மாதத் தொகையை மணிக்கு வகுத்துப் பார்த்து, அதற்கு மேலேதான் நிற்க வேண்டும். "வீட்டில் சும்மாதானே இருக்கிறார், போக்குவரத்துச் செலவு மிச்சம்தானே" என்று குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டு மின்சாரத்தையும் இன்டர்நெட்டையும் உங்கள் கடைக்குத்தான் செலவழிக்கிறார், அதற்கு மாதம் ஒரு தொகை தனியாகக் கொடுங்கள். லேபிளுக்கும் போட்டோவுக்கும் பீஸ் கணக்குத்தான், அதாவது ஒன்றுக்கு இவ்வளவு என்பதுதான் சரி.

இரவு நேரம் ஏன் சொன்னேன் என்றால் வாடிக்கையாளர் சாப்பிட்டு முடித்துப் போனை எடுக்கிற நேரம் அது. வளைகுடாவில் இருந்து ஊர் வீட்டுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் இருந்தால் இன்னும் தள்ளும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்களின் இரவு 9 மணி நமக்குப் பத்தரையும் பதினொன்றரையும். அதற்காக அந்தப் பெண்ணை நடுராத்திரி வரை விழிக்க வைக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் வருவதற்குத் தானியங்கிப் பதில் போகட்டும், வாட்ஸ்அப் பிசினஸிலேயே அந்த வசதி இருக்கிறது.

போன் விஷயத்தை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள், இதில்தான் நான் ஒரு நல்ல ஆளை இழந்தேன். ஆரம்பத்தில் அவசரத்துக்கு அவருடைய சொந்த எண்ணிலிருந்தே பேசச் சொல்லிவிட்டேன். கருப்பட்டி வாங்கிய ஒரு ஆள் இரவு பன்னிரண்டு மணிக்கு "சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பித்து, வீடியோ கால் வரைக்கும் போய், வீட்டில் பெரிய பிரச்சினை. அவர் வேலையை விட்டுவிட்டார், நான் தடுக்கவும் இல்லை, தடுக்கிற தகுதியும் எனக்கு இல்லை. கடை எண்ணுக்கான சிம் உங்கள் பெயரில், உங்கள் வீட்டுப் போனில் இருக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸில் அதே கணக்கை இன்னும் 4 சாதனங்களில் இணைத்துக்கொள்ளலாம். அவர் தன் லேப்டாப்பிலோ நீங்கள் கொடுத்த போனிலோ இணைத்துக் கடைப் பெயரில் பதில் எழுதுவார், பதில் எழுதுவது ஆணா பெண்ணா என்பதே வெளியே தெரியாது. உங்கள் முதன்மைப் போனை 14 நாள் திறக்காமல் வைத்தால் இணைத்த சாதனங்கள் கழன்றுவிடும், அதை மட்டும் கவனியுங்கள். தப்பாகப் பேசுகிறவரை உங்களைக் கேட்காமலே பிளாக் பண்ணலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு கிலோ வத்தல் விற்காமல் போனால் போகட்டும்.

சரி, ஏமாற்றுவது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் உங்கள் சரக்கைத் தொடுவதில்லை, ஆகவே திருட்டுக்கு வழி குறைவு. கெடக்கூடியவை மூன்று: பணம், வாடிக்கையாளர் பட்டியல், கணக்குகளின் சாவி. பணத்தில் நடக்கக்கூடியது, உங்கள் கியூஆருக்குப் பதிலாகத் தன்னுடையதை அனுப்பிவிடுவது. அதற்கு மருந்து, "இந்தப் பெயர் திரையில் வந்தால் மட்டும் பணம் அனுப்பவும்" என்ற வரியைக் கியூஆர் படத்திலேயே அச்சடித்துவிடுவதும், இன்ஸ்டாகிராம் முகப்பில் போட்டுவைப்பதும். உண்மையில் உங்கள் ஆளைவிட வாடிக்கையாளர் வேடத்தில் வருகிறவர்களிடம்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன். பணம் போட்டதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். மெசேஜ் பார்க்கிறவருக்கு உங்கள் வங்கிக் கணக்கு தெரியாது, படத்தை நம்பி "பணம் வந்தது" என்று ஏற்றிவிடுவார். அதனால்தான் பணம் பார்க்கிற வேலை உங்களிடமே இருக்கட்டும் என்றேன். ஷீட்டில் "பணம் வந்தது" என்ற பத்தியை நீங்கள் மட்டும் நிரப்புகிற மாதிரிப் பூட்டி வையுங்கள். காலை 11 மணிக்கு ஒருமுறை, மாலை 5 மணிக்கு ஒருமுறை வங்கியைப் பார்த்து நிரப்புங்கள். அந்தப் பத்தி காலியாக இருந்தால் உங்கள் மனைவி பொட்டலம் கட்டக்கூடாது.

ஷீட்டை எல்லோரும் ஒரே மின்னஞ்சலில் திறக்க விடாதீர்கள். ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் என்றால் யார் எப்போது எதை மாற்றினார் என்பதை மாற்ற வரலாற்றில் பார்த்துக்கொள்ளலாம், சந்தேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் பழி போட வேண்டியதில்லை. கணக்கருக்கு விலையும் தொகையும் போதும், முகவரியும் போன் எண்ணும் தெரிய வேண்டியதில்லை. வாடிக்கையாளர் தகவலுக்கு 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொறுப்பு கடைக்காரர் தலையில்தான், உங்களுக்காக வேறொருவர் அதைக் கையாண்டாலும்கூட. இரண்டு படிச் சரிபார்ப்புக் குறியீட்டை எல்லாக் கணக்கிலும் போடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால், நல்லபடியாகவே போனாலும், அன்றைக்கே இணைத்த சாதனத்தைக் கழற்றிவிடுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்குவது போலத்தான்.

வேலை பார்க்கிறாரா என்று கேமரா வைப்பது, நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கிற மென்பொருள் போடுவது, இதெல்லாம் நாலு மணி நேர வேலைக்கு எதற்கு? காலையில் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். இரவு முடிக்கும்போது மூன்று வரி வரட்டும்: எத்தனை ஆர்டர், எது நிலுவை, எதற்குப் பதில் தெரியவில்லை. அந்த மூன்றாவது வரி வரும்போதெல்லாம் நோட்டில் ஒரு பக்கம் கூடும். இரண்டு மாதம் மூன்றாவது வரி வரவே இல்லையென்றால் நான் கவலைப்படுவேன்.

நம் கரையின் காலங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், உங்களுக்குக் கருவாட்டு வரத்து குறையும், ஆர்டரும் குறையலாம். அந்த இரண்டு மாதத்துக்கு எத்தனை மணி நேர வேலை உறுதி என்று சேரும்போதே சொல்லிவிட்டால், ஏப்ரலில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் படகு திரும்புகிற காலையில் அவர் கரையில் இருப்பார், அந்த நாளில் காலை வேலையை மதியத்துக்கு மாற்றிக் கொடுங்கள். அப்பாவோ அண்ணனோ படகோடு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் அந்த வீட்டில் வாரக்கணக்கில் எதுவும் ஓடாது. அதை லீவுக் கணக்கில் எழுதாதீர்கள். கீழக்கரை, தொண்டி, ஏர்வாடிப் பக்கத்து ஆள் என்றால் ரமலான் மாதத்தில் மாலை நேரத்தை விட்டுவிட்டு, தராவீஹ் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் இன்னொரு பாடு. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் கரண்டும் இருக்காது, டவரும் இருக்காது. இரண்டாவது ஆளை வைக்கிற நிலை வரும்போது அவர் உள்நாட்டில், பரமக்குடியிலோ மதுரையிலோ இருக்கட்டும். நோட்டு அவரிடமும் ஒரு பிரதி இருந்தால் "மழையால் இரண்டு நாள் தாமதம்" என்ற ஒரு செய்தியையாவது எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் மின்தடைக்கு ரூட்டருக்கு மட்டுமான சின்ன பேட்டரி போதும், ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கிறது.

சட்டம் உங்கள் அளவுக்குப் பயப்படுகிற மாதிரி இல்லை. பிஎஃப் 20 பேர் வேலை பார்க்கிற இடத்துக்கு, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ 10 பேருக்கு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்பதற்காக எண்ணிக்கையிலிருந்து ஒருவரை விட்டுவிட முடியாது, ஆனால் உங்களுக்கு அந்த எண்ணிக்கை வர இன்னும் நாளாகும். தொழில் உங்கள் தனிப்பட்ட பெயரில் நடந்து, போன வருட விற்பனை 1 கோடி ரூபாயைத் தாண்டாதிருந்தால், டிசைனர் கூலியிலும் கணக்கர் கூலியிலும் வரி பிடித்துக் கட்டுகிற கடமை கிடையாது. கூட்டு நிறுவனமாகப் பதிந்திருந்தால் ஆடிட்டரைக் கேளுங்கள். "ஒப்பந்தக்காரர்" என்று பெயர் வைத்துவிட்டால் பொறுப்பு போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நேரத்தை நீங்கள் சொல்லி, வேலையை நீங்கள் சொல்லி, மாதாமாதம் சம்பளம் கொடுத்தால் அவர் ஊழியர்தான், தாளில் என்ன எழுதினாலும்.

ஒரு பக்கத்தில், தமிழில், ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். வேலை, நேரம், சம்பளத் தேதி, விலகுவதற்கு எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், சாதனம் யாருடையது. லேபிள்காரரிடம் மட்டும் கூடுதலாக ஒரு வரி. உங்கள் சம்பள ஆள் வேலையின் பகுதியாக வரைந்தது உங்களுக்குச் சொந்தம். பீஸ் கணக்கில் வெளியாள் வரைந்த சின்னமும் லேபிளும் பொதுவாக வரைந்தவருக்கே சொந்தம், எழுத்தில் மாற்றித் தந்தால் ஒழிய. அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும்தான் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாளைக்குத் துபாய்க் கடையில் உங்கள் வத்தல் பொட்டலம் நிற்க வேண்டுமென்றால், "எல்லா நாடுகளுக்கும், உரிமைக் காலம் முழுவதற்கும்" என்று எழுதி வாங்குங்கள். கூடவே அவரிடம் சொல்லிவையுங்கள்: ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே என்று அந்த முத்திரையை அழகுக்காக லேபிளில் ஒட்டிவிடக்கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவர்தான் போட முடியும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள்: லேப்டாப் வாங்கிக் கொடுக்க வேண்டுமா? மெசேஜ் வேலைக்குப் பழைய லேப்டாப் போதும், கொடுத்தால் உங்களுடையதாகவே இருக்கட்டும், ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். ஆனால் கடலுக்கு எதிர்த்த வீடு என்றால் ஜன்னலோரம் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உப்புக்காற்றில் சார்ஜர் முனை ஒரே வருடத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். என்னிடம் அப்படிப் போனவை இதுவரை மூன்று. இப்போது வேலை முடிந்ததும் மூடி, மூடி போட்ட டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கச் சொல்கிறேன், கருப்பட்டிக்குச் செய்கிற அதே பண்டுவம்.